நாற்பதாவது படிவம்

"என்கிட்ட கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் சாவித்ரி, புளி கரைத்த கையை உதறியபடி.

"எல்லா வீட்லயும் சமைக்கிறவங்களைத்தான் கேக்கறோம். ஃபார்ம்ல இருக்கறபடி படிக்கிறேன். பதில் சொன்னாப் போதும்," என்றார் ஏகநாதன்.

குரலில் ஜீவனே இல்லை. குரோம்பேட்டையில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவில் அவர் உதவியாளர். வெயில் காலத்தில் வீட்டுக்குள் மனிதர்கள் எவ்வளவு சூட்டைத் தாங்குகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு. தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கத்திரி வெயிலில், பத்து நாளாகச் செம்பாக்கம் தெருக்களில் சைக்கிள் மிதித்து முப்பத்தொன்பது வீடுகளை முடித்திருந்தார். நாற்பதாவதாகக் குறித்திருந்த வீடு பூட்டிக் கிடந்தது. அதே தெருவில் வேறு வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்ததால் இங்கே வந்துவிட்டார். இன்னொரு தெருவுக்குப் போகக் காலில் தெம்பு இல்லை.

சமையலறை, வீட்டின் பின்பக்கம் பிறகு சேர்த்துக் கட்டியது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஜன்னல் இல்லை. ஸ்டவ் சீறிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த ஆணியில் இரண்டு தெர்மாமீட்டர்களை மாட்டினார். காற்றின் ஈரப்பதம் பார்ப்பதற்காக ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றியிருந்தது. கால்மணி நேரம் கழித்துத்தான் அளவு பார்க்க வேண்டும். மற்ற வீடுகளில் மாட்டிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். இன்று அதற்கும் அலுப்பாக இருந்தது. அங்கேயே நின்று கேட்க ஆரம்பித்தார்.

வயது என்ற இடத்தில் முப்பத்தொன்பது என்று அவராகவே எழுதினார். அவள் எட்டிப் பார்த்து, நாற்பத்தொன்று என்று திருத்தினாள்.

ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சமையலறையில் கழிகிறது என்று கேட்டார். விரல் விட்டு எண்ணி, ஏழு என்றாள். மின்விசிறி கூடத்தில் ஒன்று உண்டு, இங்கே அதற்கு இணைப்பே கொடுக்கவில்லை என்றாள்.

அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் வியர்வை சொட்டியது. துடைத்துக்கொண்டு படித்தார்.

"'இப்போது நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்? இதம், சுமாரான வெப்பம், கடும் வெப்பம், தாங்க முடியாத வெப்பம்.' ஏதாவது ஒண்ணு சொல்லணும்."

சாவித்ரி கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "தெரியலை. பழகிடுச்சு. சுமார்னு போட்டுக்குங்க."

"'வெப்பத்தால் மயக்கம் ஏற்பட்டதுண்டா?'"

"போன செவ்வாய்க்கிழமை கண்ணு இருட்டிக்கிட்டு வந்தது. இப்படியே தரையில உக்காந்துட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியலை. அதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை."

பேனா நின்றது.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கலையே."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஏகநாதன் அளவைப் பார்த்தார். துணி சுற்றாததில் நாற்பத்திரண்டு டிகிரி. மற்ற முப்பத்தொன்பது வீடுகளில் எங்கும் இவ்வளவு வரவில்லை. சுமாரான வெப்பம் என்று எழுதியதை அடித்துவிட்டு, தாங்க முடியாத வெப்பம் என்று எழுதினார். பதில் சொன்னவரைக் கேட்காமல் திருத்தக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

படிவத்தின் அடியில், குடும்பத் தலைவரின் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது.

ஏகநாதன் அதில் தன் கையெழுத்தைப் போட்டார். கல்யாணமாகி இருபது வருஷத்தில், தன் வீட்டுச் சமையலறையில் அவர் இவ்வளவு நேரம் நின்றது அன்றுதான்.