பெயிண்டரின் வீடு

கட்டி முடியாத மாடியில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பெயிண்டர் படப்புத்தகத்துக்குக் கலர் அடிக்கிறான். ஜன்னல் வைக்காத ஓட்டை வழியே வெயில் தாளில் விழுகிறது. பெண்டாட்டி வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனதிலிருந்து அவனுக்கு நெஞ்சு படபடக்கிறது. அது அடங்க இப்படிக் கலர் அடிக்கச் சொன்னது ஆஸ்பத்திரி நர்சம்மா. சுண்ணாம்பு அரித்த விரல்களில் கலர் பென்சில் நிற்காமல் வழுக்குகிறது.

"காலையிலேர்ந்து அடிச்சது பத்தலையா மச்சான்?" என்று பக்கத்தில் சுவர் பூசும் கொத்தன் சிரிக்கிறான்.

"அது அடுத்தவன் வீடுடா."

தாளில் இருப்பது சின்ன வீடு. ஓட்டுக்குச் சிவப்பு, சுவருக்கு மஞ்சள் அடித்தாயிற்று. போனில் பெண்டாட்டி கூப்பிடுகிறாள்.

"இந்த வருஷமும் லீவு இல்லையாம்ங்க."

பென்சில் கோட்டைத் தாண்டிப் போகிறது.

"நம்ம வீட்டுக் கதவுக்கு என்ன கலர் அடிக்க?"



"அழுக்கு தெரியாத கலரா அடிங்க. நான் வர்ற வரைக்கும் தாங்கணும்."

"அப்போ மூணு கோட் அடிக்கிறேன்" என்கிறான்.