வேனில் வந்த வாசகர்கள்

“இத்தனை பேரையும் எந்த ஊர்லேர்ந்து வேன்ல ஏத்திட்டு வந்தீங்க, மேடம்?”

சென்னையிலிருந்து வந்த இணை இயக்குநர் ஜெயகணேஷ், வாசலில் ஷூவைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார்.

நிலத்தடி நீர், மண், கனிமம் என்று பூமி சம்பந்தப்பட்ட புத்தகங்களுக்காகவே அரசு நடத்தும் நூலகம் அது. நெய்வேலி டவுன்ஷிப்பின் ஓர் ஓரத்தில் இருந்தது. அதை மூடிவிட்டு, புத்தகங்களை லாரியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோய்விடலாமா என்று முடிவு செய்யத்தான் வந்திருந்தார். ஆளே வருவதில்லை என்றது ஃபைல். வந்து பார்த்தால் உட்கார நாற்காலி காலியில்லை. சந்தேகம் வராதா பின்னே?

“வேன் எதுக்குங்க? அவங்கவங்க சைக்கிள்லயும் பஸ்லயும் வந்தவங்க” என்றாள், வாசலிலேயே காத்திருந்த காந்திமதி. குரலில் துளி நடுக்கம் இல்லை. “உள்ள வாங்க சார். ஃபேனுக்குக் கீழ உக்காருங்க.”

வாட்ச்மேன் கண்ணையன் ஓடிப்போய், மேசைக்குப் பின்னாலிருந்த பெரிய நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார்.

ஜெயகணேஷ் உட்காரவில்லை. “நான் இந்த சீட்டுக்குத்தான் புதுசு மேடம், டிபார்ட்மென்ட்டுக்குப் பழசு. இன்ஸ்பெக்‌ஷன்னா ஆள் பிடிச்சு, பிரியாணி வாங்கிக் கொடுத்து உக்கார வைக்கிற வேலையெல்லாம் எனக்கும் தெரியும்.”

“பிரியாணியா? இங்க முறுக்கு கடிச்சாலே நான் எழுப்பி வெளிய அனுப்பிடுவேன். யார வேணா கேட்டுப் பாருங்க சார்.”

கேட்டார். விடுகிற ஆளா அவர்? முதலில் அகப்பட்டவன், மைன்ஸ் சீருடையோடு உட்கார்ந்திருந்த செங்குட்டுவன்.

“தம்பி, என்ன படிக்கிறீங்க?”

“சொரங்கத்துக்கு அடியில தண்ணி ஏன் மேல முட்டிகினு வருதுன்னு சார். காண்ட்ராக்ட்ல பம்ப் பாத்துக்கற வேல. எதுக்கு ராப்பகலா பம்ப் ஓட்டறோம்னு யாரக் கேட்டாலும் ‘ஓட்டு’ன்றாங்க. அதான் நானே பாக்கறேன்.”

“இன்னிக்கு யார் உங்கள வரச் சொன்னது?”

“யாரு சொல்லணும்? ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் விட்டா நேரா இங்கதான்.”

அடுத்த மேசையில் காடாம்புலியூர் தனம், ஒரு நிலத்தடி நீர் வரைபடத்தை விரித்துப்போட்டு அதன்மேல் குனிந்திருந்தாள்.

“நீங்கம்மா?”

“முந்திரிக் கொல்லையில போர் போடணுங்க. போன வாட்டி போட்டதுல வெறும் புழுதிதான் பறந்துச்சு. நகையெல்லாம் போயிடுச்சு. இந்த வாட்டி பாத்துட்டுதான் கை வெக்கணும்.” நிமிர்ந்து பார்த்தாள். “செத்த தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது.”

கொல்லென்று சிரிப்பு. காந்திமதி ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டது.

ஜெயகணேஷுக்கே உதட்டோரம் துடித்தது. அலமாரிகளைச் சுற்றி வந்தார். விரலால் தடவிப் பார்த்தார். தூசி ஒட்டவில்லை.

“அப்புறம் ஃபைல்ல ஏன் ஆள் வரலைன்னு இருக்கு?”

“மாசக் கணக்கு அனுப்பாம விட்டது தப்புதாங்க. ஆள் வராம இல்ல. முன்னாடி ஆபீஸ் நேரத்துக்குத் தொறந்து ஆபீஸ் நேரத்துக்குப் பூட்டுனாங்க. ஷிஃப்ட் போற ஊர்ல அது சரிப்படுங்களா? மனுஷன் வூட்டுக்குப் போய் சாப்ட்டு, ஒரு தூக்கம் போட்டு வந்தா பூட்டுதான் தொங்கும். இப்ப ஷிஃப்ட்ட பாத்துத் தொறக்கறோம்.”

“யார் ஐடியா?”

“என்னுதுதாங்க. கண்ணையன் அண்ணன் மொதல்ல ஒத்துக்கல. ஒத்துக்க வெச்சேன்.”

கண்ணையன் மின்விசிறியைப் பார்த்தார்.

ஜெயகணேஷ் ஒருவழியாக உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். அதுவரை தெம்பாக நின்ற காந்திமதி, என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தாள். லாரி வந்துவிட்டால் தனம் எங்கே போய்ப் பார்ப்பாள்? செங்குட்டுவன் யாரைக் கேட்பான்?

“நூலகம் இங்கேயே தொடர்ந்து இயங்க வேண்டும்” என்று வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்படியே சென்னைக்குப் போன் போட்டு, லாரி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். தனம் யாரும் சொல்லாமலே கை தட்டினாள்.

“மன்னிச்சிடுங்க மேடம், சந்தேகப்பட்டுட்டேன். எல்லாரும் அசல் வாசகர்கள். இப்படி ஒரு லைப்ரரிய நான் பார்த்ததே இல்ல. உங்க திறமைய இந்த மூலையில போட்டு வீணாக்கக் கூடாது. உங்களச் சென்னைத் தலைமை நூலகத்துக்கு மாத்தி நாளைக்கே ஆர்டர் போடறேன்.”

செங்குட்டுவன் புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“என்னை மாத்த முடியாதுங்க சார்” என்றாள் காந்திமதி.

“ஏன், வீட்டுக்காரர் மைன்ஸ்ல பெர்மனென்டா? அதுக்கும் யார்கிட்டயாவது பேசிப் பார்க்கலாம்.”

“அதில்லீங்க.” மேசை மேலிருந்த அவருடைய கையெழுத்தில் மை காய்ந்துவிட்டதா என்று அவள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “இங்க இருந்த லைப்ரரியன உங்க ஆபீஸ்ல மாத்திட்டு, ரெண்டு வருஷமா பதிலுக்கு ஆளே போடலீங்க. சீக்கிரம் ஒருத்தர அனுப்புங்க சார். நானும் இங்க படிக்க வந்தவதான், பொறுப்பு என் தலையில விழுந்ததுலேர்ந்து ஒரு பக்கம்கூட நிம்மதியா படிக்க முடியல!”