எட்டாம் நம்பர் கால்

சர்க்கரை வியாதியில் என் பாதங்கள் மரத்துப்போய்விட்டன. பழைய ஷூ கடித்தது தெரியாமலே நடந்து ஒரு சுண்டுவிரலை இழந்தேன். புது ஷூவுக்கு அளவெடுத்த அருளப்பன், "எனக்கும் இதே எட்டாம் நம்பர்தான் சார்," என்று சிரித்தார். பிறகு பதனிட்ட தோல்களை ஒவ்வொன்றாக மடித்து, முகர்ந்து, கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். என்னிடம் எதையும் காட்டவில்லை.

"போட்டுக்கப்போறவன் நான். என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்று எரிந்துவிழுந்தேன்.

"உங்க காலுக்குத்தான் எது குத்தினாலும் தெரியாதே சார்."

சொன்ன நாளில் ஷூ தயாராகவில்லை. இன்னும் நான்கு நாள் கேட்டார். திட்டிவிட்டு வந்தேன்.

மறுபடி போனபோது அவரே என் காலில் மாட்டிவிட்டார். "குதிகால் பக்கம் உள்தோல் விறைப்பா இருந்துச்சு சார். பிரிச்சிட்டு மெத்துனு ஆட்டுத்தோல் வச்சுத் தைச்சிருக்கேன்."

"விறைப்புன்னு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் எழுந்து அட்டைப்பெட்டி எடுக்கப் போனார். நொண்டினார். அவருடைய வலது குதிகாலில் ஒரு கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

"இப்படி உக்காருங்க," என்று என் முக்காலியை அவரிடம் தள்ளினேன். என் கால்களுக்கென்று எப்போதும் பையில் வைத்திருக்கும் களிம்பை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.