ஒரு குரல் மட்டும்

"உஷ்! கொஞ்சம் பேசாம இரு. அடுத்தது அவங்க பாட்டு."

தங்கை வீட்டுச் சண்டையைச் சுவாரஸ்யமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனைவி பட்டென்று வாயை மூடிக்கொண்டாள். சவுண்ட் இன்ஜினீயர் கண்களை மூடி, ஹாலில் இருந்த ஸ்பீக்கர் பக்கம் காதைத் திருப்பினார்.

அவர் உயிராய் மதிக்கும் பாடகியின் பாட்டு வந்தது. ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"போச்சு. மறுபடியும் இறங்கிடுச்சு." அவர் முகம் பேயறைந்தது போலாகிவிட்டது.

"எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வந்துட்டேன்னு நேத்துதானே சொன்னீங்க?"

"கொண்டு வந்துட்டேன்டி! ஒண்ணு கத்தும், ஒண்ணு முனகும். அத்தனையும் உட்கார்ந்து சமமாக்கியாச்சு. இதோ, அளவெல்லாம் ஒரே கோட்டுல நிக்குது பார்." மடியிலிருந்த லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "மத்தவங்க பாட்டு சரியாத்தான் கேக்குது. அவங்க குரல் மட்டும் அமுங்கிப் போகுது."

மனைவி தன் போனை நோண்டியபடியே, "அவங்களுக்கும் வயசாகுதுல்ல?" என்றாள்.

"பதிவு பண்ணின குரலுக்கு ஏதுடி வயசு? வயசானது என் காதுக்குத்தான்." காதைத் தடவிக்கொண்டார். "காது ஒரேயடியா போகாது. முதல்ல உச்சத்துல இருக்கற குரல்தான் கேக்காம போகும். அவங்க பாடற உயரம் என்னை விட்டுப் போயிடுச்சு."

ஸ்டூடியோக்களில் அவர் காதைத் தராசு என்பார்கள். அந்தக் காதை நம்பித்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. நாளைக்கு அதே பாடகியின் புது ஆல்பத்துக்கு, குரலையும் இசையையும் கலக்கும் மிக்ஸிங். தவம் கிடந்து வாங்கிய வேலை. பழுதான காதோடு போய் உட்கார்ந்து அதைக் கெடுப்பதா?

"டாக்டர்கிட்ட காட்டலாமே?"

"காட்டினா விஷயம் வெளியில வந்துடும். செவிட்டு இன்ஜினீயருக்கு அப்புறம் யார் வேலை குடுப்பா?"

போனை எடுத்தார். ஸ்டூடியோ முதலாளியிடம், "சார், இந்த ஆல்பத்தை என் உதவியாளர்கிட்டயே குடுத்துடுங்க. தயவுசெஞ்சு காரணம் கேக்காதீங்க" என்றார். பேசி முடித்ததும் போனைப் பக்கத்தில் போட்டார். அழுகை வந்தது.

"போனா போகுது, விடுங்க. யானைக்கும் அடி சறுக்கும்." மனைவி முதுகைத் தடவிக்கொடுத்தாள். "ஊரார் குரலை இத்தனை வருஷம் கேட்டது போதும்."

வாசல் மணி அடித்தது. எழுந்து போனவள், பக்கத்து வீட்டுக்காரியோடு அங்கேயே பேச்சில் நின்றுவிட்டாள்.

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் அடுத்த பாட்டு தொடங்கியது. அதே பாடகி.

குரல் கணீரென்று ஹாலை நிறைத்தது. பல்லவிக்கு முன் அவள் மூச்செடுத்ததுகூடத் துல்லியமாகக் கேட்டது. காது திரும்பிவிட்டது! அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முதலாளியை உடனே கூப்பிட்டு, வேலையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட வேண்டும்.

விரலிடுக்கு வழியே போனைத் தேடினார்.

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரியைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு, மனைவி அடித்துப் பிடித்து உள்ளே ஓடி வந்தாள். நாற்காலியில் மறந்து வைத்துப் போயிருந்த தன் போனை எடுத்தாள். திரையிலிருந்த ஸ்பீக்கர் சத்தத்தின் கோட்டைக் கட்டைவிரலால் கீழ்நோக்கி ஒரு இழு இழுத்தாள். பாடகி அடங்கியதும், "அப்பாடா, இனி நாம பேசலாம்" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.