பரமேஸ்வரனின் புரதத் தடை

“யோகு, அந்த முட்டையைக் கீழை வை! உனக்கு உயிர்மேலை ஆசையில்லையோ?”

வாசல் படலையைத் திறந்தபடியே கத்தினார் பரமேஸ்வரன். வாய் வரை போன அவித்த முட்டையை யோகநாதன் தட்டில் திரும்ப வைத்தார்.

பரமேஸ்வரன் தர்மபுரம் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். சிநேகிதன் யோகநாதன் தனக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்ன நாளிலிருந்து, ஃபோனும் கையுமாக ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். மூன்று கிழமைக்குள் அவருக்குத் தெரியாத வைத்தியமே இல்லை என்றாகிவிட்டது.

“வெளிநாட்டு ஆய்வு சொல்லுது. கட்டியைச் சுத்திப் புரதம் வலை மாதிரிப் பின்னிக்கொண்டு நிக்குமாம். கொலாஜன் எண்டு பேர். புற்றுநோய்க் கலங்கள், அதுதான் செல்லுகள், அந்த வலையைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் ஈரலுக்குப் போகுதாம். புரதம் இல்லாட்டி வலை எங்காலை? முட்டை, மீன், பருப்பு ஒண்டும் கூடாது!”

“அப்ப இவர் என்னத்தை அண்ணை சாப்பிடுறது?” யோகநாதனின் மனைவி பத்மாசனி கேட்டாள்.

“மரவள்ளியை அவிச்சுக் குடுங்கோ தங்கச்சி. இவனுக்காக நானும் மீனை விட்டிட்டன். பாருங்கோ, ஏழு கிலோ குறைஞ்சிட்டன். உடம்பு என்ன இலேசாக் கிடக்குத் தெரியுமோ!”

பத்மாசனி முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

“நாளைக்கு யாழ்ப்பாணத்திலை கிளினிக். நீயும் வாறியோ?” என்றார் யோகநாதன்.

“நான் வராமலோ? நீ ஒண்டும் விளங்காமல் தலையாட்டிப்போட்டு வந்திடுவாய்.”

மறுநாள் ஆஸ்பத்திரியில், டொக்டர் வாய் திறக்கும் முன்பே பரமேஸ்வரன் தன் புரதத் தடையை விளக்கி முடித்துவிட்டார்.

டொக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “வலை எண்டது சரி ஐயா. ஆனால் அது சாப்பாட்டாலை வாற புரதமில்லை. கட்டியைச் சுத்தியிருக்கிற கலங்களே உண்டாக்கிற புரதம். நோயாளி முட்டை, மீன் எல்லாம் நல்லாச் சாப்பிட வேணும்.”

“டொக்டர், நீங்கள் புது ஆய்வுகள் வாசிக்கிறேல்லைப் போல.”

“நானே அதைப் பற்றித்தான் ஆய்வு செய்யிறன் ஐயா.”

“அப்ப நீங்கள் இன்னும் முடிக்கேல்லை,” என்றார் பரமேஸ்வரன் பெருந்தன்மையோடு.

டொக்டர் சிரித்துவிட்டு, பக்கத்திலிருந்த கதிரையைக் காட்டினார். “சரி, நோயாளி இதிலை வந்து இருங்கோ.”

பரமேஸ்வரன் சிநேகிதனின் தோளில் தட்டினார். “போடா, பயப்பிடாதை. நான் பக்கத்திலை நிக்கிறன்.”

யோகநாதன் அசையவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

“பரமு, எனக்கு ஒரு நோயும் இல்லையடா. நீ வயித்து நோவெண்டு ஸ்கான் எடுத்துப்போட்டு, வாங்கப் போகாமலே விட்ட ரிப்போட்டை உன்ரை மகள் நிரோஜா எடுத்துக்கொண்டு வந்து என்னட்டை அழுதவள். உனக்கெண்டால் நீ வரமாட்டாய், எனக்கெண்டால் ஓடி வருவாய் எண்டுதான் அப்பிடிச் சொன்னனான்.”