ஆள் குறைப்பு

"புது மெஷின் வந்தா ஆளைக் குறைப்பீங்களா, முதலாளி?"

தொழில் வளர்ந்தால் வேலையும் பெருகுமா என்று ஆராய வந்த பெண், அந்த அட்டைப்பெட்டிப் பட்டறையில் பெரியவரிடம் கேட்டாள். அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள்.

அவர் மடித்துக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்தார்.

"கண்ணு மங்கின கிழவன் ஒருத்தன் இருக்கான். அவனைத்தான் நிறுத்தணும்."

பசை தடவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "சும்மா இருங்க முதலாளி! யாரையும் நிறுத்தப் போறதில்ல."

வந்தவள் திகைத்தாள். "அதை முதலாளிதானே முடிவு பண்ணணும்?"

"பண்ணியாச்சே!" பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பட்டறை இவளோடது. அந்தக் கிழவன் நான்தான்."

"அப்புறம் ஏன் இவரைப் போய் முதலாளின்னு...?"

"ஒண்ணும் தெரியாத என்னை நம்பி, அப்போ இவரோட பட்டறையில முதல் வேலை கொடுத்தவர். வேற யாரை அப்படிக் கூப்பிடறதாம்?"

அவள் மறுபடி பசையைத் தொட்டாள்.