அப்பாவுக்குப் பிடிக்காத வாணவேடிக்கை

பொழுதுபோக்குப் பூங்காவில் கூட்டம் வாணவேடிக்கைக்காக இடம்பிடித்து உட்கார்ந்திருந்தது. அவன் மட்டும் வெளிவாசலையே பார்த்தான். சின்னவன் அவன் தோளில் தூங்கி வழிந்தான்.

“கிளம்பலாம். வாணவேடிக்கைல என்ன இருக்கு? புகையும் சத்தமும்தான். பசங்க பயந்துடுவாங்க.”

“பாத்துட்டே போலாம்ப்பா,” என்று மூத்தவள் சிணுங்கினாள்.

“இன்னிக்கு விட்டா உங்களுக்கு மறுபடி எப்ப லீவு கிடைக்குமோ? பேசாம உட்காருங்க,” என்றாள் மனைவி.

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான். சற்று நேரத்தில் வானம் பொன்னும் பச்சையுமாகப் பூத்தது. சின்னவன் கண்விழித்துக் கைதட்டினான்.

“இவ்ளோ அழகாவா இருக்கும்?” என்று வாய்பிளந்தான் அவன்.

மனைவி சிரித்துவிட்டாள். “வருஷக்கணக்கா இதே இடத்துல இதைக் கொளுத்துற ஆளு கேக்குற கேள்வியா இது?”

“பத்த வெச்சதும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓடவே நேரம் சரியா இருக்கும். இன்னிக்குத்தானே மேல பாக்குறேன்,” என்றான், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.